சத்து மாத்திரை

ஜூன் 12, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நீயும் அத்தானும் நலமா? நான் நலம். மற்றவர்களைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு இப்போது இது ஒன்றுதான். நீ போன மறுநாளே அப்பா படுக்கையறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். யாராவது தட்டினால் குழாயைத் திறந்துவிடுவேன். அப்பாவின் போனில் உன் எண் வராதபடி செய்திருக்கிறார். அதனால் பதிலைப் பென்சில் வீட்டு முகவரிக்கு அனுப்பு. பென்சில் என் வகுப்புத் தோழி. ஒல்லியாக, நெட்டையாக இருப்பதால் அந்தப் பெயர். வாயைத் திறக்க மாட்டாள்.

அம்மாவுக்கு மூன்று மாதமாக உடம்பு சரியில்லை. உடம்பு என்று சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான். சீப்பைக் கையில் எடுத்தால் மதியம்வரை அது கையிலேயே இருக்கும், தலை வாரியிருக்க மாட்டாள். போன வாரம் துணி மடித்துக்கொண்டே, "நான் இல்லேன்னாலும் நீ சமாளிச்சுக்குவே, இல்லடி?" என்றாள். உடனே அப்பாவிடம் சொன்னேன். தெரிந்தவர்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, இரண்டு பஸ் மாறி ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. மருந்துச் சீட்டில் இருந்ததை அப்படியே பார்த்து இன்னொரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், மருத்துவரின் போன் எண்ணோடு. நீ மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால் உனக்குப் புரியும். 

அன்று ராத்திரி அப்பா ஒவ்வொரு மாத்திரையாக அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். அட்டைகளைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கினார். பிறகு அச்சகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு லேபிளை டப்பாவில் ஒட்டினார். பச்சை எழுத்தில் "சத்து மாத்திரை".

நம் வீட்டு லேபிள் கதைதான் உனக்குத் தெரியுமே. அச்சகத்தில் மிஞ்சும் எதையும் அவர் விடுவதில்லை. ஜாம் என்று ஒட்டிய டப்பாவில் ஆணி, ஷூ பாலிஷ் என்று ஒட்டியதில் பொத்தான், பல்பொடி என்று ஒட்டியதில் உப்பு. நாம் யாரும் படித்துப் பார்த்து எடுப்பதில்லை, நமக்கு மனப்பாடம். இதுவும் அப்படித்தான் என்று விட முடியவில்லை. "ஏம்ப்பா?" என்று கேட்டேன். "பைத்தியக்கார மாத்திரைன்னு எழுதி ஒட்டச் சொல்றியா? நாளைக்கு உனக்கு ஒரு நல்லது நடக்க வேண்டாமா?" என்றார். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

தினமும் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஐந்து நாள் ஆகிறது. அம்மா விடிந்த பிறகும் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்கிறாள். அழுகை மட்டும் குறையவில்லை. "ஒரு வாரம் பார்ப்போம், இல்லேன்னா நிறுத்திடலாம்" என்கிறார் அப்பா. நான் கொடுப்பது மருந்தா, வேறு ஏதாவதா? எனக்குப் பயமாக இருக்கிறது. நீ எப்போது வருவாய்?

அத்தானுக்கு என் வணக்கம்.

வாலு

*

ஜூன் 21

அன்புள்ள வாலு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நலம். நீ கடிதத்தை மடித்த மடிப்பைப் பிரிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. இனிமேல் இரண்டாக மடித்தால் போதும்.

அது மருந்துதான். பயப்படாதே. ஒரு வாரத்தில் நிறுத்தக் கூடாது என்று அப்பாவிடம் சொல். இந்த மாத்திரை முதலில் தூக்கத்தைத்தான் தரும். மனசு தேற இரண்டு வாரம், மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை தொந்தரவு மட்டும் தெரியும், பலன் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

வாய் காய்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கட்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழ வேண்டாம். முதலில் எழுந்து உட்காரட்டும், கால் தரையில் படட்டும், பத்து எண்ணட்டும், பிறகு நிற்கட்டும். இல்லாவிட்டால் சுவர் சாய்ந்து வருவதுபோல் இருக்கும். மலச்சிக்கல் வரும், சொல்ல வெட்கப்படுவாள், நீயே கேள். மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் விட்டு விழுங்கச் சொல். தங்கினால் கசப்பு ஏறி நாக்கு மரத்துப்போகும். ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகக் கொடுக்காதே. சளி, தும்மலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை எதுவும் இதோடு கூடாது, மருத்துவரைக் கேட்காமல்.

முக்கியமானது இதுதான். அந்த லேபிளைக் கிழித்துவிட்டு மாத்திரையின் பெயரை எழுதி ஒட்டு. அமிட்ரிப்டிலின். பூட்டி வை. இதை ஒருவருக்கு என்று எழுதிக் கொடுத்தால் அவர் மட்டும்தான் சாப்பிட வேண்டும். அளவு மீறினால் இதயத்தைப் பிடிக்கும். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, பயப்பட வேண்டிய இடத்தில் பயப்பட வேண்டும் என்று எழுதுகிறேன்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

அன்புடன்
அக்கா

*

ஜூலை 10, இரவு

அன்புள்ள அக்கா,

நலமா? இந்தத் தடவை நல்ல சேதி. போன வெள்ளிக்கிழமை அம்மா சிரித்தாள். நான் உப்பு என்று நினைத்து, புதிதாக வாங்கி வைத்திருந்த நிஜப் பல்பொடியை எடுத்து வந்துவிட்டேன். பல்பொடி டப்பாவில் பல்பொடியே இருக்கும் என்று யார் கண்டார்கள். "அட, ஒண்ணாவது உண்மை பேசுதே" என்று சொல்லிச் சிரித்தாள். இப்போது தலை வாரிக்கொள்கிறாள். பத்து எண்ணித்தான் எழுகிறாள். எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக வாய்விட்டு எண்ணுகிறாள்.

லேபிளைக் கிழிக்க அப்பா விடவில்லை. காரணம், பெரிய அத்தை வந்திருக்கிறார். அவர் வீட்டில் தரை பெயர்த்துப் புதிதாகப் போடுகிறார்களாம், முடியும்வரை இங்கேதான். வந்த அன்றே சமையலறை அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னடி டப்பா?" என்றார். அப்பா முந்திக்கொண்டு, "அவளுக்குச் சத்து மாத்திரைக்கா. ரத்தம் கம்மியாம்" என்றார்.

"வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கிறவளுக்குச் சத்து மாத்திரை. நாலு புள்ள பெத்து வளத்த எனக்கு எவன் குடுத்தான்?"

"உனக்கென்னக்கா, நீ இரும்பு."

"இரும்பும் துருப்பிடிக்கும்டா தம்பி."

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும்தான்.

மருத்துவர் இந்த முறை மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு தூரம் அடிக்கடி வர முடியாது என்று அப்பாதான் கேட்டு வாங்கினார். டப்பா நிறைய இருக்கிறது. எத்தனை மாத்திரை என்று எண்ணிக் குறித்து வைத்திருக்கிறேன்.

அம்மா உன்னைப் பற்றி வாயால் கேட்கவில்லை. உன் பழைய சட்டையை இரவில் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். நீ எப்போது வருவாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். அத்தானைப் பற்றியும் நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

வாலு

*

ஜூலை 26, இரவு

அக்கா,

உன் பதில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. மாத்திரைகளை எண்ணினேன். இருக்க வேண்டியதைவிட நான்கு குறைகிறது. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் நான்கு.

அம்மா எடுத்து எங்கேயோ சேர்த்துவைக்கிறாளா? அன்றைக்குத் துணி மடிக்கும்போது கேட்டதே மண்டைக்குள் ஓடுகிறது. தலையணை உறை, அரிசிப் பானை, தையல் பெட்டி எல்லாம் தேடிவிட்டேன். அம்மாவின் கைப்பையைத் தேடும்போது அத்தை பார்த்துவிட்டு, "இந்த வயசுலயே திருட்டா? நல்லா வளத்திருக்காங்க" என்றார். பையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அத்தை இப்போதெல்லாம் முழுசாகத் திட்டி முடிப்பதில்லை. பாதியில் சோபாவிலேயே தூங்கிப்போகிறார்.

சீக்கிரம் எழுது.

வாலு

*

ஜூலை 31

அன்புள்ள வாலு,

கடை வாசலில் நின்றபடி எழுதுகிறேன். இன்றே தபாலில் சேர்க்க வேண்டும்.

அம்மாவிடம் நேராகக் கேள். "சாகணும்னு நினைக்கிறியாம்மா? அதுக்காக மாத்திரை எடுத்து வெச்சிருக்கியா?" என்று இதே வார்த்தைகளில் கேள். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயப்படாதே, வராது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கும். கேட்கும்போது கையைப் பிடித்துக்கொள். என்ன பதில் சொன்னாலும் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இனி ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். டப்பாவை அலமாரியில் வைக்காதே, உன் பள்ளிப் பையிலும் வைக்காதே. பீரோவில் வைத்துப் பூட்டு.

யாராவது அதிகமாகச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தாலே போதும், அவர் நன்றாகப் பேசிக்கொண்டு இருந்தாலும் காத்திருக்காதே. உடனே ஆஸ்பத்திரி. டப்பாவைக் கையோடு எடுத்துப் போ. மாத்திரையின் நிஜப் பெயரைச் சொல். பெயரை மனப்பாடம் செய்துகொள்.

நீ பதினைந்து வயசுப் பெண். இதெல்லாம் உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்ல வேறு ஆள் இல்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 8, இரவு

அன்புள்ள அக்கா,

நீ நலமா? நான் கேட்டுவிட்டேன்.

அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நீ சொன்ன வார்த்தைகளிலேயே கேட்டேன். கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னை எண்ணிப் பாக்கிறியாடி?"

"ஆமாம்மா. நாலு குறையுது."

"அந்த நினைப்பு இருந்துச்சு. இல்லேன்னு சொல்லமாட்டேன். மாத்திரை போட ஆரம்பிச்ச பிறகு கொஞ்சம் கொஞ்சமா விட்டுப்போச்சு. ஆனா நான் ஒண்ணுகூட எடுக்கலை. நீ குடுக்கிறதை மட்டும்தான் முழுங்கறேன்."

நம்பினேன். அன்றைக்கு முழுவதும் நம்பினேன். ராத்திரி எண்ணினால் ஏழு குறைந்தது. அதன்பின் நம்ப முடியவில்லை. மாத்திரை கொடுத்ததும் "வாயைத் திறம்மா, நாக்கைத் தூக்கும்மா" என்கிறேன். அவளும் தூக்கிக் காட்டுகிறாள், நான் ஏதோ பல் டாக்டர்போல. அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். 

டப்பாவைப் பீரோவில் பூட்டினேன். அப்பா மறுநாளே எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார். "பூட்டி வெச்சா அக்கா என்ன ஏதுன்னு தோண்ட ஆரம்பிச்சிரும். கண்ணு முன்னாடி இருக்கிறதை யாரும் பாக்கமாட்டாங்க" என்றார். மாத்திரை குறைவதைச் சொன்னேன். "உங்கம்மா எடுத்திருப்பா. நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவர் பார்த்துக்கொண்டது என்ன தெரியுமா? அம்மா குளிக்கும்போது வெளியே நின்று, "இன்னும் என்ன பண்றே?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்கிறார். மருத்துவரிடம் சொல்ல அவருக்கு நேரமில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். வாயில் தங்கினால் நாக்கு மரத்துப்போகும் என்று எழுதினாய். எழுந்தால் சுவர் சாய்ந்து வரும் என்று எழுதினாய். மருந்துக் கடையில் விற்பவர்கள் மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்ப்பார்களா, அக்கா?

வாலு

*

ஆகஸ்ட் 29, இரவு

அக்கா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. பென்சில் தினமும் உதட்டைப் பிதுக்குகிறாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனா? கேட்டதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ நலம் என்று மட்டும் எழுது.

பதினொன்று குறைகிறது.

வாலு

*

செப்டம்பர் 3

அன்புள்ள வாலு,

நீ திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியாகத்தான் கேட்டாய்.

நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன். ஏழு மாதமாக. உன் அத்தான் போய் ஒன்பது மாதம் ஆகிறது. எங்கே என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. வருகிறேன் என்று நான் எழுதாததற்கு அதுதான் காரணம். எந்த ஆளுக்காக வீட்டைவிட்டு வந்தேனோ அவனும் இல்லாமல் வந்து நின்றால் அப்பா என்ன சொல்வார் என்பதை நான் தினமும் அவர் குரலிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். அவளுக்கு இருப்பதே போதும்.

இரண்டு வாரமாக எழுத உட்கார்வதும் தாளைக் கசக்குவதுமாக இருந்தேன். இன்று உன் பழைய கடிதங்களை எடுத்து முதலிலிருந்து படித்தேன். வாலு, அத்தை சோபாவில் தூங்கிப்போகிறார் என்று எழுதியிருக்கிறாய். திட்டக்கூட முடியாமல் தூங்குகிறார் என்றால் அது நம் அத்தைக்கு இயல்பா? வாய் காய்கிறது என்கிறாரா? தடுமாறுகிறாரா? அவருக்கு அது சத்து மாத்திரை என்றுதானே தெரியும்? நம் வீட்டில் லேபிளைப் படித்து நம்பக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இதைப் படித்த உடனே டப்பாவை எடுத்துவிடு. அப்பா என்ன சொன்னாலும் அத்தையிடம் சொல்லிவிடு. அம்மாவை நாம் இருவரும் சந்தேகப்பட்டிருக்கிறோம். 

அக்கா

*

செப்டம்பர் 9, இரவு

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நடந்தது சனிக்கிழமை.

அத்தைக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து சளி. கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை காலையில் சமையலறையில் நின்றுகொண்டு காற்றில் எதையோ பிடித்துப் பிடித்துப் பார்த்தார். நூல் பிரிப்பதுபோல விரல்கள் போயின. "இந்தப் பூச்சியை யாரு உள்ள விட்டது?" என்றார். பூச்சி எதுவும் இல்லை. முகம் சிவந்து தகதக என்றிருந்தது. கண்ணில் கருவிழி மட்டும்தான் தெரிந்தது. பிறகு அப்படியே சரிந்தார். மேடையில் அந்த டப்பா மூடி இல்லாமல் இருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. குறைந்த பதினொன்றும்.

அப்பா ஆட்டோ பிடித்தார். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு கூடவே ஏறினேன். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், பெண். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டார்.

"பிரஷர் மாத்திரை. சளிக்கு ஒண்ணு" என்றார் அப்பா.

"கையில என்ன டப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். "அது வெறும் சத்து மாத்திரை டாக்டர்" என்றார்.

கட்டிலில் கிடந்த அத்தை அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அப்போதும் அப்பா அப்படித்தான் சொன்னார். நான் டப்பாவை டாக்டர் பக்கம் நீட்டினேன். "சத்து மாத்திரை இல்லை டாக்டர். அமிட்ரிப்டிலின். எங்கம்மாவோடது." ஒவ்வொரு ராத்திரியும் இந்த வாளி மேல் உட்கார்ந்து சொல்லிப் பார்த்த பெயர். தடுமாறாமல் வந்துவிட்டது.

டாக்டர் ஓடினார். மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள். "இதை இங்க வந்ததும் சொல்ல வேண்டாமா? இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுது" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை பிழைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, அசதியாக இருக்கும்போதெல்லாம் ஒன்று போட்டுக்கொண்டேன், அன்றைக்குச் சளியோடு அசதி அதிகம் என்பதால் மூன்று நான்கு போட்டுக்கொண்டேன், சத்துதானே என்று நினைத்தேன் என்று நர்ஸிடம் சொன்னாராம். அதை அத்தையின் மகன்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "எங்கம்மாவுக்கு மாமாவோட பொண்டாட்டிதான் எதையோ கலந்து குடுத்திருக்கா. அவளுக்கு எங்கம்மா வந்து தங்கினதே பிடிக்கலை" என்றார். அவ்வளவு பேர் இருந்தார்கள். அப்பாவும் இருந்தார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை, அக்கா. சும்மா இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மீதி மாத்திரை முழுவதையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். "இனிமே இந்த வீட்டுக்குள்ள மாத்திரைங்கிற பேச்சே கூடாது." இன்று நான்காவது நாள். அம்மாவுக்கு வாந்தி. கை நடுங்குகிறது. ராத்திரி முழுக்கக் கண் திறந்தே இருக்கிறது. பகலில் சீப்பைக் கையில் எடுத்தாள். இன்னும் கீழே வைக்கவில்லை.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நாக்கைத் தூக்கச் சொன்னியே, அதைத்தாண்டி தாங்க முடியலை" என்றாள்.

உன்னைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்து, நனைத்து, சாக்கடையில் விட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன். உனக்கு ராத்திரி யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்?

வாலு

*

செப்டம்பர் 14

அன்புள்ள வாலு,

எனக்கு நானேதான் எடுத்துக்கொள்கிறேன். நலமாகவே இருக்கிறேன், அதை நம்பு.

நீ பெயரைச் சொன்னதால் ஒரு உயிர் இருக்கிறது. அதை யார் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அது அப்படித்தான்.

இந்த மாத்திரையை இப்படிச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வாந்தி, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். அதைவிடப் பழைய நினைப்பு திரும்பி வருமோ என்பதுதான் என் பயம். என்னுடைய அட்டையிலிருந்து பாதியை உனக்கு அனுப்பலாம் என்று உறைகூட எழுதிவிட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். என் அளவு வேறு, அவள் அளவு வேறு. அதோடு, சொல்லாமல் கொள்ளாமல் கைமாறிய மாத்திரையால்தானே இவ்வளவும்.

நீ எழுதி அனுப்பிய எண்ணுக்குப் போன் செய்தேன். மருத்துவரே பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை மாலை அம்மாவை அழைத்து வரச் சொன்னார். பென்சிலின் அம்மாவைத் துணைக்குக் கேள். அதுவரை அம்மாவைத் தனியாக விடாதே, பள்ளிக்கு லீவு போட்டாலும் பரவாயில்லை. போகும்போது அப்பாவிடம் சொல்லாதே. போய்வந்த பிறகு சொல்.

அக்கா

*

அக்டோபர் 2, இரவு

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்பச் சொன்னதால் நம்புகிறேன்.

வியாழக்கிழமை போனோம். பென்சிலின் அம்மா ஒரு கேள்வி கேட்காமல் கூட வந்தார். மருத்துவர் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார். ஒரு வாரத்துக்கு ஒரு அட்டை, முடிந்ததும் காலி அட்டையைக் காட்டித்தான் அடுத்தது. அம்மாவோடு தனியாக அரை மணி நேரம் பேசினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயராகப் படித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை அக்காவும் பசங்களும் வராங்க. என்ன மாத்திரை, யாரு வெச்சதுன்னு கேக்கப்போறாங்க. நான் என்ன சொல்ல?" என்றார்.

"நடந்ததைச் சொல்லுங்கப்பா."

"நடந்ததைச் சொன்னா உங்கம்மாவுக்குப் பைத்தியம்னு ஊரே பேசும். சொல்லலேன்னா விஷம் வெச்சவன்னு பேசும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என் முதுகுவலி மாத்திரைன்னு சொல்லிடறேன். நீதான் விளையாட்டா அந்த டப்பாவுல மாத்திக் கொட்டிட்டேன்னு சொல்லிடு. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா, அவ்வளவுதான். உன்னை யாரு என்ன செய்யப்போறாங்க?"

அப்படிச் சொல்ல வேண்டுமானால் இதெல்லாம் நடக்க வேண்டும் என்றேன். மாத்திரை இனி அட்டையிலேயே இருக்க வேண்டும். பீரோவில் பூட்ட வேண்டும், சாவி என்னிடம். வாரா வாரம் மருத்துவரிடம் அவரே அழைத்துப் போக வேண்டும். அம்மா குளிக்கும்போது வெளியே நின்று கத்தக் கூடாது.

"அப்பாகிட்டயே பேரம் பேசுறியா?"

"ஆமாப்பா."

ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் நடுவில் நின்று, நான்தான் மாற்றிக் கொட்டினேன் என்று சொன்னேன். பெரியவர் ஏன் என்று கேட்டார். காலி டப்பா தேவைப்பட்டது என்றேன். அத்தை இளைத்துப்போயிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "பத்தாவது படிக்கிறே. என்னைக் கொல்லப் பாத்திருக்கியேடி" என்றார். ஆஸ்பத்திரியில் யார் பெயரைச் சொன்னது என்று அவருக்குத் தெரியாது, அப்போது நினைவில்லாமல் கிடந்தார். டாக்டரிடம் எங்கம்மாவோடது என்று நான் சொன்னதைக் கேட்டவர் அப்பா ஒருவர்தான். அவர் எல்லோருக்கும் காபி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். நான் எடுத்து நீட்டியதை மட்டும் யாரும் வாங்கவில்லை. "இவ கையால பச்சைத் தண்ணிகூட வேண்டாம்பா" என்றார் சின்னவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அம்மா அறைவாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லப்போகிறாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உள்ளே போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வேண்டும்போல இருக்கிறது. முழுசாக உண்மையில்லை.

அன்று ராத்திரி பீரோவைத் திறந்து, அட்டையில் பெயரைப் படித்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். விழுங்கினாள். நான் கேட்காமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இப்போது தினமும் அப்படித்தான். ஆனால் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நேற்று அவளே விளக்கைப் போட்டாள்.

அப்பா என்னிடம் பிரியமாக இருக்கிறார். நேற்று அச்சகத்திலிருந்து வரும்போது எனக்கு ஒரு நல்ல பேனா வாங்கி வந்தார், மை நிரப்புவது, பெட்டியோடு. இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன். திக்காமல் எழுதுகிறது.

நீ மாத்திரையை விடாதே.

வாலு